தடைக்காலத்தில் வந்து போகும் கோடைப் படங்கள்

சினிமா வியாபாரத்தில் ராமநாதபுரம் கடற்கரைக்குத் தனிப் பெயர் கிடையாது. மதுரை-ராம்நாடு என்று சேர்த்துச் சொல்வார்கள், பேச்சில் 'எம்.ஆர். ஏரியா'. மதுரை, திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய ஆறு மாவட்டமும் இந்த ஒரே ஏரியாவுக்குள் அடக்கம். சித்திரை ஒன்றுக்கு ஒரு பெரிய நடிகரின் படம் வருகிறது என்றால் விநியோகஸ்தர் ஆறு மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரே விலை பேசித்தான் வாங்குவார். அந்த விலையைத் தீர்மானிப்பது மதுரை. விலை படியாவிட்டால் முதலில் அடி வாங்குவது கடற்கரை தியேட்டர்.

இதற்குக் காரணமாக வழக்கமாகச் சொல்லப்படுவது, 'அந்தப் பக்கம் ஜனம் கம்மி, ரசனை வேற' என்பது. முதல் நாள் காட்சிக்கு ராமநாதபுரத்தில் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்கள் ரசனையைக் குறை சொல்ல மாட்டார்கள். விஷயம் நாட்காட்டியில் இருக்கிறது. கோடைப் படங்களின் சீசன் ஏப்ரல் 14-ல் தொடங்குகிறது. கிழக்குக் கடற்கரையின் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்குகிறது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. தமிழ் சினிமா தன் பெரிய முதலீட்டை இறக்கும் அதே இரண்டு மாதத்தில் இந்தக் கரையின் பெரிய வருமானம் நின்றுவிடுகிறது. இந்த ஒன்றை வைத்தே இங்கே கோடை வசூலின் பாதிக் கதையைச் சொல்லிவிடலாம்.

முதலில் பணம் எப்படிப் போகிறது என்று பார்ப்போம். போஸ்டரில் அடிக்கும் கோடிகள் கிராஸ், அதாவது வரியோடு சேர்ந்த மொத்த வசூல். வரி கழித்தால் நெட். நெட்டில் தியேட்டர் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுப்பது ஷேர். விநியோகஸ்தருக்குக் கையில் வருவது இந்த ஷேர் மட்டும்தான். 100 ரூபாய் வரையுள்ள டிக்கெட்டுக்கு முன்பு 12 சதவீத ஜி.எஸ்.டி. இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதம். 100-ஐத் தாண்டினால் 18 சதவீதம். இதற்கு மேல் உள்ளாட்சி கேளிக்கை வரி வேறு. தமிழ்ப் படத்துக்கு 8 சதவீதமாக இருந்த அதை 2025-ல் 4 ஆகக் குறைத்தார்கள். மல்டிபிளெக்ஸ் இல்லாத ஏ.சி. தியேட்டரில் வரி நீங்கலாக டிக்கெட் விலைக்கு 100 ரூபாய் உச்சவரம்பு என்பது 2017-ல் வந்த அரசாணை. கடற்கரை தியேட்டர்களின் கணக்கெல்லாம் இந்த 100 ரூபாய்க்குள்தான்.

இப்போது ஒரு மாதிரிக் கணக்கு. எம்.ஆர். ஏரியாவை ஒருவர் 6 கோடிக்கு வாங்கியிருக்கிறார், விளம்பரம் மற்ற செலவுக்கு 30 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 கோடியே 30 லட்சம் ஷேராகத் திரும்ப வேண்டும். ஷேர் சராசரியாக 60 சதவீதம் என்றால் நெட் பத்தரைக் கோடி வர வேண்டும். டிக்கெட்டுக்குச் சராசரி நெட் 100 ரூபாய் என்று தாராளமாகவே வைத்தாலும் பத்தரை லட்சம் டிக்கெட். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்த ஆறு மாவட்டத்திலும் இருப்பது ஏறக்குறைய ஒரு கோடியே பத்து லட்சம் பேர். கைக்குழந்தை, கிழவி, கேபிள் டி.வி.யே போதும் என்பவர் எல்லோரையும் சேர்த்துப் பத்துப் பேரில் ஒருவர் அந்தப் படத்தைத் தியேட்டரில் பார்த்தால்தான் போட்ட காசு திரும்பும். லாபம் அதற்குப் பிறகு. ராமநாதபுரம் மாவட்டத்தின் மக்கள்தொகை பதின்மூன்றரை லட்சம். தலைக்கணக்குப்படி இதன் பங்கு ஒன்றேகால் லட்சம் டிக்கெட்டுக்கு மேல். இந்த ஒன்றேகால் லட்சத்தை மே மாதத்தில் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், தேவிபட்டினம், தொண்டி மக்களிடமிருந்து எடுத்துவிடலாம் என்று நினைப்பதுதான் விலையில் இருக்கும் முதல் பிழை.

தியேட்டர் பக்கம் இருந்து பார்த்தால் இன்னும் தெளிவாகும். 500 இருக்கை, ஒரு நாளைக்கு 4 காட்சி. முழுதும் நிறைந்தால் ஒரு நாளைக்கு நெட் 2 லட்சம், ஒரு வாரத்துக்கு 14 லட்சம். அப்படி எந்தப் படமும் ஓடாது. பெரிய நடிகர் படம் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் 80 சதவீதம் நிறைந்தால் 4 லட்சத்து 80 ஆயிரம். திங்கள் முதல் வியாழன் வரை 30 சதவீதம் என்றால் 2 லட்சத்து 40 ஆயிரம். ஆக முதல் வாரம் 7 லட்சத்து 20 ஆயிரம். பெரிய படத்துக்கு முதல் வாரம் 65, சில சமயம் 70 சதவீதம் கூட ஷேர் கேட்பார்கள். 65 என்றே வைத்தால் விநியோகஸ்தருக்கு 4 லட்சத்து 68 ஆயிரம், தியேட்டருக்கு 2 லட்சத்து 52 ஆயிரம். மின்கட்டணம், ஜெனரேட்டர் டீசல், சம்பளம், டிஜிட்டல் கம்பெனிக்குக் கட்டும் தொகை எல்லாம் இந்த இரண்டரை லட்சத்துக்குள் அடங்க வேண்டும்.

படத்தைப் போடும் முன்பே தியேட்டர்காரர் கையிலிருந்து 6 லட்சம் கொடுத்திருந்தால்? வந்த ஷேர் 4 லட்சத்து 68 ஆயிரம்தான், பாக்கி 1 லட்சத்து 32 ஆயிரம். கொடுத்தது அட்வான்ஸ் என்றால் பாக்கியைத் திருப்பிக் கேட்கலாம், அல்லது அதே விநியோகஸ்தரின் அடுத்த படத்தில் கழித்துக்கொள்ளலாம். எம்.ஜி., அதாவது குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை என்று எழுதிக்கொடுத்திருந்தால் அது தியேட்டரின் நஷ்டம், யாரையும் கேட்க முடியாது. இரண்டாம் வாரமும் படம் தாக்குப்பிடித்து 2 லட்சத்து 50 ஆயிரம் நெட் எடுத்தால், 60 சதவீத ஷேரில் ஒன்றரை லட்சம் கழியும், தியேட்டர் தப்பித்துவிடும். அதனால் கடற்கரை தியேட்டருக்குக் கோடைப் படத்தில் முக்கியமான நாள் முதல் வெள்ளிக்கிழமை கிடையாது. முதல் திங்களும் இரண்டாம் சனி ஞாயிறும்தான். முதல் மூன்று நாள் மதுரைக்கும் ராமநாதபுரத்துக்கும் டி.சி.ஆர்., அதாவது தினசரி வசூல் அறிக்கை, ஒரே மாதிரித்தான் தெரியும், ரசிகர் கூட்டம் எங்கும் ஒன்றுதான். திங்கட்கிழமை மேட்னி டி.சி.ஆரில்தான் இரண்டு ஊரும் பிரியும்.

அந்தத் திங்கட்கிழமை மேட்னிக்கு வர வேண்டியவர்கள் குடும்பங்கள். தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளி கரையில்தான் இருக்கிறார், நேரம் நிறைய இருக்கிறது, கையில் காசு இல்லை. பங்குக் கூலியில் வேலை செய்பவருக்குப் படகு போகாவிட்டால் பங்கு இல்லை. தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்துவதாக 2023-ல் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அறிவித்தார்கள். இரண்டு மாதத்துக்கு அந்தத் தொகை. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டர். ஐந்து பேர் கொண்ட குடும்பம் பஸ் ஏறி வந்து, டிக்கெட் எடுத்து, இடைவேளையில் பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுத்துத் திரும்பினால் ஆயிரம் ரூபாய் சுலபமாகத் தாண்டும். இரண்டு மாத நிவாரணத்தில் எட்டில் ஒரு பங்கை ஒரு படத்துக்குக் கொடுக்க எந்த வீட்டம்மாவும் சம்மதிக்க மாட்டார். படகு உரிமையாளர் நிலைமையும் லேசானதில்லை. படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவது, இடுக்குகளுக்குப் பஞ்சு அடிப்பது, பெயின்ட், இன்ஜின் வேலை, வலை என்று வருஷத்தின் பெரிய செலவெல்லாம் இந்த 61 நாளுக்குள் வரும். இரண்டு பக்கமும் பை சுருங்கியிருக்கும்போது பையன்கள் மட்டும் எப்படியோ முதல் நாள் முதல் காட்சிக்கு வந்துவிடுகிறார்கள். அந்தக் கூட்டத்தை வைத்து 'படம் பிச்சுக்கிட்டுப் போகுது' என்று மதுரைக்குப் போன் போகிறது.

கரை முழுக்க ஒரே நிலை என்றும் நினைக்கக்கூடாது. தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகுக்கு இல்லை. நாட்டுப்படகு அதிகம் உள்ள ஏர்வாடி, கீழக்கரை, மூக்கையூர்ப் பக்கம் தடைக்காலத்திலும் மீன் வருகிறது, வரத்து குறைவதால் விலையும் நன்றாகவே கிடைக்கிறது. தெற்கே சாயல்குடி, நரிப்பையூர் பக்கம் போனால் நிலைமை நேர்மாறு. அங்கே கோடைதான் பனைச் சீசன். விடியற்காலையிலும் சாயங்காலமும் ஆண்கள் மரம் ஏற, பகல் முழுக்க விடிலி என்ற ஓலைக் குடிசையில் பெண்கள் பதநீர் காய்ச்சுவார்கள். காசு புழங்கும், ஆனால் நேரம் கிடையாது. வாலிநோக்கம் உப்பளத்திலும் வெயில் ஏற ஏறத்தான் வேலை ஏறும். உள்ளே தள்ளி முதுகுளத்தூர், கமுதி, பரமக்குடிப் பக்கம் முண்டு மிளகாய் அறுப்பும் விற்பனையும் மாசி பங்குனியில் தொடங்கிக் கோடை வரை நீளும். விலை நன்றாக இருக்கும் வருஷத்தில் சித்திரைக்கு வரும் படத்தை இந்த மிளகாய்க் காசுதான் இரண்டாம் வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். ஆகவே ஒரே மாவட்டத்துக்குள் பரமக்குடி சென்டரையும் ராமேஸ்வரத்தை நம்பிய சென்டரையும் ஒரே தராசில் நிறுத்தி அட்வான்ஸ் கேட்பது சரியில்லை.

நோன்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தொண்டி போன்ற ஊர்களை ஒட்டிய தியேட்டருக்கு ரமலான் மாதத்தில் முதல் ஆட்டமும் இரண்டாம் ஆட்டமும் விழுந்துவிடும். ரமலான் வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகரும். 2018, 2019-ல் அது கோடைப் படங்களின் நட்ட நடுவில், மே மாதத்தில் விழுந்தது. 2022-ல் ஏப்ரல் முழுக்க நோன்பு. 2025-ல் மார்ச்சோடு முடிந்தது. இனிச் சில வருஷங்களுக்குக் கோடை சீசன் நோன்பில் இருந்து விடுபட்டிருக்கும், பதிலுக்கு பக்ரீத் மே மாதத்துக்குள் வருகிறது. வளைகுடாவில் இருந்து விடுப்பில் வருபவர்கள் குடும்பத்தோடு வெளியே கிளம்பும் நாட்கள் அவை. பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குத் தவக்காலம் இருக்கிறது. ஈஸ்டர் ஏப்ரல் நடுவில் வரும் வருஷத்தில் பெரிய வியாழனையும் புனித வெள்ளியையும் தொட்டு வரும் படத்துக்கு அங்கிருந்து முதல் வார இறுதியில் ஆள் வராது. மதுரையில் உட்கார்ந்து தேதி குறிப்பவர்களுக்கு இதெல்லாம் கண்ணில் படுவதில்லை.

சனிக்கிழமை விஷயம் இன்னும் நுட்பமானது. தடைக்காலம் அல்லாத மாதங்களில் ராமேஸ்வரம் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை திரும்பும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. அதனால் ஊரெல்லாம் நிறையும் சனிக்கிழமை இரவுக் காட்சியில் இங்கே விசைப்படகு ஆட்கள் இருக்க மாட்டார்கள். ஞாயிறு காலை மீன் இறக்கி, கணக்கு முடித்து, தூங்கி எழுந்து, சாயங்காலம் வருவார்கள். செவ்வாயும் வியாழனும் இதே மாதிரிக் காசு கைக்கு வரும் நாட்கள். மதுரை டி.சி.ஆரில் செவ்வாய் பள்ளம் என்றால் இங்கே அது மேடாக இருக்கும். தடைக்காலம் வந்ததும் இந்தத் தாளம் மொத்தமாகப் போய்விடும். எல்லா இரவும் ஆள் கரையில் இருக்கிறார், ஆனால் எந்த நாளும் கணக்கு முடிக்கும் நாள் இல்லை.

இது எப்போதும் இப்படி இருந்ததா என்றால், இல்லை. பிலிம் பிரிண்ட் காலத்தில் ஒரு பிரிண்ட் போடவே பெரும் செலவு. அதனால் படம் முதலில் பெரிய நகரமான ஏ சென்டரில் ஓடி, சில வாரம் கழித்து நடுத்தர ஊரான பி சென்டர், அதற்கும் பிறகு சிற்றூரான சி சென்டர் என்று இறங்கும். 2005 ஏப்ரல் 14-ல் சந்திரமுகி, மும்பை எக்ஸ்பிரஸ், சச்சின் மூன்றும் ஒரே நாளில் வந்தன. சந்திரமுகி சென்னை சாந்தி தியேட்டரில் 890 நாள் ஓடியது எல்லோருக்கும் தெரிந்ததே. அந்த மாதிரி நீண்ட ஓட்டத்தில் சிறிய கடற்கரை ஊருக்குப் படம் வந்து சேரும்போது வைகாசி போய் ஆனியாகியிருக்கும். தடைக்காலமும் அப்போது 45 நாள்தான், மே 29-ல் முடிந்து, ஜூன் பிறக்கும்போதே படகு கடலில் இருக்கும். முதல் இறால் சீசன் காசும் ஏப்ரல் மாதத்துப் படத்தின் தேய்ந்த பிரிண்டும் ஒரே சமயத்தில் இந்தக் கரைக்கு வந்து சேரும். யாரும் திட்டமிடவில்லை, ஆனாலும் அது பொருந்திப் போனது.

அதை மூன்று மாற்றங்கள் குலைத்தன. டிஜிட்டல் வந்து எல்லா ஊரிலும் ஒரே நாளில் ரிலீஸ் ஆனது. 2017-ல் தடைக்காலம் 61 நாளாக நீண்டது. கொரோனாவுக்குப் பிறகு தமிழ்ப் படம் நாலு வாரத்தில் ஓ.டி.டி.க்குப் போவது வழக்கமானது. ஏப்ரல் 14-ல் வரும் படம் மே நடுவில் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. படகு கடலுக்குப் போவது ஜூன் 15. மீன் காசு வீட்டுக்கு வந்து சேரும் முன்பே படம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. மே 1-ல் வரும் படத்துக்கும் இதே கதிதான். கோடை ரிலீஸ்களில் தடை நீங்கிய பிறகும் தியேட்டரில் இருக்க வாய்ப்புள்ளவை மே கடைசிக்கு மேல் வருபவை மட்டுமே. 2022 ஜூன் 3-ல் வந்த விக்ரம் இந்தக் கரைக்குச் சரியான தேதியில் வந்தது. ஓ.டி.டி.யில் வந்தது ஜூலை 8-ல். நடுவில் இருந்த மூன்று வாரத்துக்கு மேல் படகுகள் கடலில் இருந்தன.

ஒரே நாளில் எல்லா ஊரிலும் திறப்பது என்ற இந்தப் பழக்கத்தின் மூலம் அமெரிக்கா. 1975 ஜூன் 20-ல் ஜாஸ் என்ற சுறாப் படத்தை டி.வி. விளம்பரத்தோடு நானூற்றுச் சொச்சம் தியேட்டரில் ஒரே நாளில் திறந்தார்கள். கோடைக்கென்று பெரிய படம் எடுக்கும் வழக்கம் அதிலிருந்துதான் வேர் விட்டது. அவர்கள் சீசன் மே முதல் வாரத்தில் தொடங்கி செப்டம்பர் முதல் திங்களில் முடியும். தயாரிப்புச் செலவைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு உலக வசூல் வந்தால்தான் படம் கரையேறும் என்பது அங்கே ஒரு பொதுக்கணக்கு, ஏனென்றால் பாதியைத் தியேட்டர் எடுத்துக்கொள்ளும், விளம்பரச் செலவு பட்ஜெட்டில் சேராது. தமிழில் இந்தக் கணக்கை அப்படியே போட முடியாது. ஓ.டி.டி., சாட்டிலைட், ஆடியோ உரிமைகளை விற்றே தயாரிப்பாளர் செலவில் பெரும் பகுதியை எடுத்துவிட முடிந்த காலம் ஒன்று இருந்தது, இப்போது அந்த விலைகள் இறங்கிவிட்டன. படம் தயாரிப்பாளருக்கு லாபமாகவும் எம்.ஆர். ஏரியா வாங்கியவருக்கு நஷ்டமாகவும் ஒரே நேரத்தில் இருக்கலாம். 'படம் ஹிட்டா?' என்று கேட்டால் 'யாருக்கு?' என்று திருப்பிக் கேட்பதுதான் சரியான பதில்.

ரிலீஸ் வாரத்தில் என்னென்ன கெடும் என்பதையும் சொல்ல வேண்டும். பாதி நஷ்டம் படத்தால் வருவதில்லை. டிஜிட்டல் படம் பூட்டப்பட்டுத்தான் வரும், அதைத் திறக்கும் சாவிக்குப் பெயர் கே.டி.எம். அந்தச் சாவி குறிப்பிட்ட சர்வர் ஒன்றுக்கென்றே தயாரிக்கப்படுவது, குறிப்பிட்ட நேரத்தில் தொடங்கிக் குறிப்பிட்ட நேரத்தில் காலாவதியாகும். பழுதாகி சர்வரை மாற்றியிருந்து, புது எண்ணை டிஜிட்டல் கம்பெனிக்குச் சொல்லாமல் விட்டால் சாவி வரும், படம் திறக்காது. இதை முந்தின இரவே போட்டுப் பார்த்துவிட வேண்டும். தயாரிப்பாளரின் கடன் பாக்கியால் விடிய விடிய பஞ்சாயத்து நடந்து சாவியே வராமல் போவது வேறு வகை, அதற்குத் தியேட்டரில் மருந்து இல்லை. தமிழ்நாட்டில் 2023-க்குப் பிறகு பெரிய படத்தின் முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான். கேரளாவிலும் கர்நாடகாவிலும் அதிகாலையிலேயே பார்த்து முடித்துவிடுகிறார்கள். இங்கே கதவு திறக்கும் முன்பு இடைவேளை வரைக்கும் எப்படி, கிளைமாக்ஸ் எப்படி என்று வாட்ஸ்அப்பில் வந்துவிடும். கெட்ட பேச்சு வந்தால் அன்றைய காலைக் காட்சிக்கு ஒன்றும் ஆகாது, டிக்கெட் ஏற்கெனவே விற்றாகிவிட்டது. இரண்டாம் நாள் மேட்னிதான் அடிபடும்.

கடற்கரையில் ஏ.சி.தான் பெரிய தலைவலி. உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடம்பு வெளிவிடும் சூடு ஏறக்குறைய 100 வாட். 500 பேர் என்றால் 50 கிலோவாட். அதைத் தணிக்க மட்டுமே 14 டன் ஏ.சி. வேண்டும், கூரை வெயில் தனி. உப்புக்காற்றில் வெளி யூனிட்டின் அலுமினியத் தகடுகள் பூத்து உதிர்ந்துபோய்விடும், காற்று புகாது, சூடு வெளியேறாது. மதியம் மூன்று மணிக்கு வோல்டேஜும் இறங்கும்போது கம்ப்ரஸர் தானாக நின்றுவிடும். அக்னி நட்சத்திரத்தில் மேட்னிக்கு வரும் குடும்பம் பாதி படத்துக்கும் பாதி குளிர்ச்சிக்கும்தான் காசு கொடுக்கிறது. ஒரு நாள் ஏ.சி. நின்றால் அந்தத் தெருவே அடுத்த வாரம் வராது. பங்குனி முடிவதற்குள் வெளி யூனிட்டை நல்ல தண்ணீரில் கழுவி, தகடு போன காயிலை மாற்றி, ஹால் நிறைந்திருப்பதாக நினைத்து மூன்று மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிப் பார்ப்பது, பெரிய நடிகருக்குக் கட் அவுட் வைப்பதைவிட அதிக வசூல் தரும்.

காட்சிப் பங்கீட்டில் வரும் தவறு இன்னொன்று. பெரிய படத்தைக் கொடுக்கும்போது முதல் வாரம் நாலு காட்சியும் அதற்கே என்று எழுதி வாங்குவார்கள். படம் முதல் நாளே சறுக்கிவிட்டால் ஒற்றைத் திரை தியேட்டர் ஒரு வாரம் முழுக்க வெறும் நாற்காலிக்கு ஏ.சி. போட வேண்டும். 2022 ஏப்ரல் 13-ல் பீஸ்ட், மறுநாள் கே.ஜி.எஃப். 2. பேச்சு கே.ஜி.எஃப். பக்கம் சாய்ந்தது தெரிந்ததும் தமிழ்நாட்டில் பல இடங்களில் காட்சிகளை மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டு மூன்று திரை உள்ளவர்களுக்கு அது சுலபம். கையெழுத்துப் போடும்போதே 'திங்கட்கிழமை முதல் இரண்டு காட்சி விடுவிக்கலாம்' என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வது ஒற்றைத் திரைக்காரருக்கு அவசியம். பெரிய விநியோகஸ்தர்கள் மறுப்பார்கள்தான், ஆனால் தடைக்காலத்தைக் காட்டிப் பேசினால் வெள்ளிக்கிழமை நெருங்கும்போது இறங்கி வருபவர்களும் உண்டு.

அந்த விடுவித்த காட்சிகளில் எதைப் போடுவது? இதில் 2025 நல்ல பாடம். மே 1-ல் ரெட்ரோவோடு சேர்ந்து டூரிஸ்ட் ஃபேமிலி என்ற சிறிய படமும் வந்தது. இலங்கையில் இருந்து படகில் ஒரு குடும்பம் ராமேஸ்வரம் கரையில் வந்து இறங்குவதில்தான் அதன் கதையே தொடங்குகிறது. குறைந்த காட்சிகளில் ஆரம்பித்து, பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லி, காட்சிகள் கூடிக்கொண்டே போன படம். சிறிய படத்துக்கு அட்வான்ஸ் குறைவு, ஷேர் சதவீதமும் குறைவு, வருபவர்கள் குடும்பம். குடும்பம் வந்தால் கேன்டீன் ஓடும், கேன்டீன் காசில் விநியோகஸ்தருக்குப் பங்கு கிடையாது. மூன்று நாள் 90 சதவீதம் நிறைந்து நாற்காலியைக் கிழித்துவிட்டுப் போகும் கூட்டத்தைவிட, மூன்று வாரம் 40 சதவீதம் நிறையும் குடும்பக் கூட்டம் கடற்கரை தியேட்டருக்கு நல்லது என்பது என் திடமான கருத்து. அதுவும் ஒரு மாதத்தில் ஓ.டி.டி.க்குப் போனதால் ஜூன் 15-க்குப் பிறகு இந்தக் கரைக்குக் கிடைக்கவில்லை. அந்தப் படத்துக்கு இங்கே கிடைத்திருக்க வேண்டிய கடைசி இரண்டு வாரம் அப்படியே போனது.

ரீ-ரிலீஸையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 2024 ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு, அதனால் பெரிய படங்கள் ஒதுங்கிக்கொண்டன. மறுநாள் கில்லியைத் திரும்பப் போட்டார்கள், இருபது வருஷத்துக்கு முந்திய படத்துக்குக் கூட்டம் அலைமோதியது. தியேட்டருக்கு அதில் ஆபத்து குறைவு, பெரிய அட்வான்ஸ் இல்லை, நாலு காட்சி நிபந்தனை இல்லை. ஐ.பி.எல். இரவு ஏழரை ஆட்டமும் அதே மாதங்களில் ஓடுகிறது. சென்னை அணி ஆடும் நாளில் சாயங்காலக் காட்சி ஆறு மணிக்கே தொடங்கிவிட்டால் படம் முடிந்து மீதி மேட்சைப் பார்த்துக்கொள்வார்கள், ஏழுக்குத் தொடங்கினால் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

தியேட்டர்காரர்கள் இதையெல்லாம் வைத்துச் செய்யக்கூடியது இவ்வளவு. ஏப்ரல் 14 முதல் ஜூன் 14 வரையிலான எந்தப் படத்துக்கும் எம்.ஜி. எழுதிக் கொடுக்காமல் திருப்பித் தரும் அட்வான்ஸாக மட்டும் பேச வேண்டும். மதுரை தொகையில் எத்தனை சதவீதம் என்று தொடங்காமல், போன மூன்று வருஷத் தடைக்காலப் படங்களின் சொந்த டி.சி.ஆரில் முதல் திங்கள் முதல் இரண்டாம் ஞாயிறு வரை வந்த தொகையை எடுத்து வைத்துப் பேச வேண்டும். அந்தத் தாளை மீறி யாரும் 'உங்க ஊர்ல செம ஓபனிங்' என்று சொல்ல முடியாது. மேட்னி டிக்கெட் விலையைத் தடைக்கால வார நாட்களில் இறக்கிக் கொடுக்கலாம், அரசு சொன்னது உச்சவரம்புதான். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், அந்த பஸ் வந்து போகும் நேரத்துக்கு மேட்னியைப் பொருத்தினால் சுற்றுக் கிராமப் பெண்கள் வருவார்கள், வந்தும் இருக்கிறார்கள். இரவுக் காட்சி ராமேஸ்வரம் தீவுக்குப் போகும் கடைசி பஸ்ஸுக்கு முன் முடியாவிட்டால் அந்தப் பக்கத்து ஆள் ஒருவரும் கிடையாது.

விநியோகஸ்தர்களிடம் கேட்க வேண்டியது ஒன்று. ஏப்ரல் கடைசியில் வந்து நன்றாகப் போன படத்தை, ஓ.டி.டி.யில் வந்துவிட்டாலும், ஜூன் 15-க்குப் பிறகு வரும் இரண்டு வெள்ளிக்கிழமைகளில் ராமேஸ்வரம், மண்டபம், தொண்டி மக்கள் வந்து போகும் தியேட்டர்களுக்கு அட்வான்ஸ் இல்லாமல், 50 சதவீத ஷேரில், நாளுக்கு இரண்டு காட்சி கொடுங்கள். பிரிண்ட் செலவு இல்லை, புது சாவி ஒன்று போட்டால் போதும். படகு திரும்பும் ஞாயிறு, செவ்வாய், வியாழன் மூன்று நாளும் முதல் ஆட்டமும் இரண்டாம் ஆட்டமும் அந்தப் படத்துக்கு, மற்ற நாட்களில் மேட்னியும் முதல் ஆட்டமும். பெரிய திரையில் பார்க்காமல் விட்டவர்கள் இந்தக் கரையில் எத்தனை பேர் என்பது அந்த இரண்டு வார டி.சி.ஆரில் தெரிந்துவிடும்.